தனியார் கடன் விகிதம்: சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் இருந்தபடி இந்தியா, இலங்கை, வியட்னாமில் பணம் போட நினைப்பவர்கள் முதலில் புரட்டுவது உலக வங்கியின் அட்டவணையைத்தான். தனியார் துறைக்குக் கொடுத்த கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு? இந்தியாவுக்குச் சுமார் 50, வியட்னாமுக்கு 100க்கும் மேல். உடனே ‘இந்தியாவில் கடன் பஞ்சம், வியட்னாமில் வெள்ளம்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தியாவில் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் தரும் கடனில் பெரும்பகுதி இந்த எண்ணில் ஏறுவதில்லை. அடகுக் கடையும் கந்துவட்டியும் எந்த எண்ணிலுமே ஏறாது.

கடன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறினாலும் ‘வளர்ச்சி’ தெரியும். 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது; அதன் பழைய கடன்களும் வங்கிக் கடனாக ஏறின. 2024 மார்ச்சில் இந்திய வங்கிக் கடன் வளர்ச்சி, இணைப்பைச் சேர்த்தால் சுமார் 20 விழுக்காடு, நீக்கினால் சுமார் 16. ரிசர்வ் வங்கி இரண்டையும் வெளியிட்டது. இரண்டாவதைப் பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது நாணய மதிப்பு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க வெள்ளிக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. ஒரு மில்லியன் வெள்ளிக் கடன் ஏட்டில் 200 மில்லியன் ரூபாயிலிருந்து 360 மில்லியனாக ஊதிவிட்டது. புதிதாக ஒரு காசும் யாருக்கும் கொடுக்கவில்லை. எனவே வெளிநாட்டு நாணயக் கடனைத் தனியே பிரித்து, இரண்டு தேதிகளுக்கும் ஒரே மாற்று விகிதத்தைப் போட்டு, அப்புறம் ரூபாய்க் கடனோடு கூட்டுங்கள்.

அடுத்து விலைவாசி. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 விழுக்காடு. கடன் 20 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்வோம். 20இல் 69.8ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 50 விழுக்காடு சரிவு என்று வரும். அது தப்பு. பணவீக்கம் இவ்வளவு உயரும்போது வகுக்கத்தான் வேண்டும்: 1.20ஐ 1.698ஆல் வகுத்தால் 0.707. உண்மைச் சரிவு 29 விழுக்காடுதான்.

விகிதத்தில் கீழே இருக்கும் எண்ணும், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியும், ஆடும். 2014இல் நைஜீரியா தன் உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை (ஒப்பிடுவதற்கான தொடக்க ஆண்டை) மாற்றியபோது 2013ஆம் ஆண்டு உற்பத்தி 89 விழுக்காடு பெரிதானது. 20ஆக இருக்கும் விகிதம் இப்படிப்பட்ட மாற்றத்தில் ஒரே நாளில் 10.6 ஆகும், எந்த வங்கியும் கடனைத் திரும்பக் கேட்டிருக்காது. பழைய தொடரையும் புதியதையும் ஒரே கோட்டில் ஒட்டி வரைபடம் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் விகிதத்தை அளவுகோலாக வைப்பதும் வேண்டாம். வட்டாரத் தொழிலுக்கான பணத்தை நிறுவனங்கள் இங்கே கடன் வாங்கி வெளியே கொண்டுபோகின்றன. கடன் இங்கே பதிவாகும், அந்தப் பணம் உருவாக்கும் உற்பத்தி வேறு நாட்டின் கணக்கில் சேரும்.