ஆர்பிஜி வேண்டாம், கதை வேண்டும்: கேம் தேடும் வழி

சேலத்தில் எங்கள் செட்டில் யாரிடம் கேம் பற்றிப் பேச்செடுத்தாலும் இதே புலம்பல்தான்: "கதை நல்லா இருக்கணும் மச்சான், ஆனா அறுபது மணி நேரம் லெவல் ஏத்திக்கிட்டு, கவசம் மாத்திக்கிட்டு உட்கார முடியாது." இப்படிப் பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும் கேம்களைத்தான் ஆர்பிஜி என்கிறோம். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம் என்கிற ஆளுக்கு இது நியாயமான புலம்பல்.

முதலில் ஸ்டீம், கம்ப்யூட்டர் கேம் வாங்குகிற ஆன்லைன் கடை. எல்லோரும் 'ஸ்டோரி ரிச்' (கதை நிறைந்தது) என்ற டேக்கை, அதாவது வகைச் சீட்டை, தட்டிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள், வந்து விழுவதில் நிறைய ஆர்பிஜிதான். தேடல் பக்கத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி இருக்கும், ஆர்பிஜி, ஆக்‌ஷன் ஆர்பிஜி, ஜேஆர்பிஜி (ஜப்பானிய பாணி) மூன்றுக்கும் அதை அழுத்துங்கள், பட்டியல் நன்றாக இளைத்துவிடும். அப்புறம் 'டிடெக்டிவ்', 'வாக்கிங் சிமுலேட்டர்' (நடந்து சுற்றிப் பார்க்கும் வகை) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். டேக் ஒட்டுவதில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் குப்பையும் வரும்.

குப்பையைப் பிரிக்க நான் டிரெய்லரில் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஆடுபவரின் கை என்ன வேலை செய்கிறது, அந்த வேலையாலேயே கதை நகர்கிறதா? பத்து நிமிடம் சுட்டுவிட்டு இரண்டு நிமிடம் வீடியோ பார்க்க வைத்தால், அது கதை ஒட்டவைத்த துப்பாக்கி கேம், அவ்வளவுதான். 2018-இல் வந்த 'ஃப்ளோரன்ஸ்' போனிலேயே ஓடும், ஒரே உட்காரலில் முடியும். ஃப்ளோரன்ஸும் கிரிஷும் முதல்முறை வெளியே போய்ப் பேசும்போது, பேச்சுக்குமிழியை ஜிக்சா துண்டுகளைச் சேர்த்து நாம்தான் உருவாக்க வேண்டும். ஆரம்பத்தில் துண்டுகள் நிறைய, பழகப் பழகக் குறைந்துகொண்டே வரும், பேச்சு சுலபமாக ஓடும். பிறகு சண்டை வரும்போது அதே துண்டுகள் கூர்முனையோடு வருகின்றன. அந்த இடங்களில் ஒரு வசனம் கூட இல்லை, ஆனால் கூச்சம் போனதும் கோபம் வந்ததும் கைக்குத் தெரியும்.

துப்பறியும் பக்கம் போனால் லூகாஸ் போப் என்பவர் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. அதுவும் 2018தான். காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது, கப்பலில் போன 60 பேருக்கும் என்ன ஆச்சு என்று நீங்கள் கணக்கு எழுத வேண்டும். உடையையும் பேசும் தினுசையும் வைத்துப் பேரைப் பிடிப்பதுதான் ஆட்டமே. மூன்று பேர் விவரம் சரியாக வந்தால்தான் கேம் ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் அடிப்பது பெரிதாக உதவாது. நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

நடப்பதும் பேசுவதும் போதும் என்றால் 'ஃபயர்வாட்ச்' (2016). வயோமிங் காட்டில் தீக் கண்காணிப்புக் கோபுர வேலை, துணைக்கு வாக்கி டாக்கியில் ஒரு குரல். ஏற்காட்டில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போகிற ஆட்களுக்குப் பிடிக்கும். முடிவு சப்பென்று இருக்கிறது என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நெகட்டிவ் விமர்சனங்களைத்தான் முதலில் படியுங்கள், பாராட்டை விட அதில் தகவல் அதிகம். "சும்மா நடந்துகொண்டே இருக்கிறோம்" என்று ஒருவர் திட்டினால் நமக்கு நல்ல செய்தி. "சேவ் (ஆடியவரைக்கும் பதிவானது) அழிந்துபோகிறது" என்று பலர் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், கோடையில் கரண்ட் போகிற நம் ஊருக்கு அது ஆகாது. சப்டைட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் தெருவில் ஹெட்போன் போட்டாலும் பாதிதான் கேட்கும், அதுவும் பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்பில்.

ஒரு கேம் பிடித்துப்போனால் அதைச் செய்தவர் அல்லது வெளியிட்டவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். சாம் பார்லோவின் 'ஹெர் ஸ்டோரி' பிடித்தால் அவருடைய 'டெல்லிங் லைஸ்' இருக்கிறது. 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்' கேமை வெளியிட்ட அன்னபூர்ணா நிறுவனம்தான் 'அவுட்டர் வைல்ட்ஸ்' வெளியிட்டதும்.

நம் வீட்டுக் கதைதான் வேண்டும் என்றால் 'வெண்பா' (2023). 1980-களில் கனடா போன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு, இட்லியில் ஆரம்பிக்கிறது. எழுத்து அழிந்த இடத்தை நீங்கள்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

வாங்கிப் பிடிக்காவிட்டால் ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். 'வெண்பா' மாதிரி சின்ன கேமை அந்த நேரத்துக்குள் முழுசாக முடித்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வேலை மட்டும் வேண்டாம் சாமி.