ஒரே நாளில் சைக்கிளில் பெருநகரம்: கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புபவர்கள் பாதியில் திரும்புவதற்குக் கால் வலியைவிட நேரக் கணக்குதான் பெரும்பாலும் காரணமாகிறது. முதல் நாள் இரவு வரைபடத்தை வைத்துக்கொண்டு கிலோமீட்டரை மட்டும் கூட்டிப் பார்த்தால், மறுநாள் மாலை இருட்டிய பிறகும் இரண்டு இடங்கள் பாக்கி இருக்கும்.

கணக்கு இப்படித்தான் தப்புகிறது. ‘மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டுவேன், 60 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் போதும்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிக்னல், குறுக்குத் தெரு, கூட்டம், வழி தவறுவது எல்லாம் சேர்ந்தால் நகருக்குள் சராசரி வேகம் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 30 கிலோமீட்டர் பாதையில் ஐந்து இடங்கள் என்று வைப்போம். ஓட்டுவதற்கு 180 நிமிடம். இடத்துக்கு 40 நிமிடம் வீதம் பார்ப்பதற்கு 200 நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் சைக்கிள் நிறுத்த இடம் தேடி, பூட்டி, டிக்கெட் வாங்கி, திரும்பி வந்து பூட்டைத் திறக்க 15 நிமிடம், அது 75. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், படம் எடுக்கவும் இளைப்பாறவும் முக்கால் மணி நேரம். மொத்தம் 560 நிமிடம், அதாவது ஒன்பது மணி இருபது நிமிடம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் முடிக்க மாலை நான்காகிவிடும். இதையே 60 கிலோமீட்டர் ஆக்கினால் இன்னும் மூன்று மணி நேரம் கூடும். அதனால் முதல் முறை போகிறவர்களுக்கு 25 முதல் 35 கிலோமீட்டர், நான்கைந்து இடங்கள் என்பதே சரியான அளவு. பட்டியலில் பத்து இடம் இருந்தால் பாதியை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள்.

இடங்களின் வரிசை

பக்கத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, தூரத்தில் இருப்பதைக் கடைசிக்குத் தள்ளுவது அடுத்த தவறு. தெம்பும் இருக்காது, போக்குவரத்தும் நெரிசலாகிவிடும். சாலை காலியாக இருக்கும் அதிகாலையில் தொலைவான இடத்துக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகப் புறப்பட்ட இடத்தை நோக்கி வருவதுபோல் பாதையை வளைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை, பாலம், பூங்கா போன்ற திறந்த இடங்களுக்குக் காலை நேரம். வெயில் ஏறும் நடுப்பகலில் அருங்காட்சியகம் மாதிரி கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியவை. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாசல் வரை மிதித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காமல் இருக்க, திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

காற்றின் திசையையும் யாரும் கவனிப்பதில்லை. கடலோர நகரங்களில் பகல் ஏற ஏறக் கடலிலிருந்து கரைக்குக் காற்று வலுக்கும். திரும்பும் வழி எதிர்காற்றாக இருந்தால், களைத்த காலுக்கு அது மேட்டில் ஏறுவதற்குச் சமம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமைவதே நல்லது.

வரைபடம் காட்டும் கோடு

செயலி தரும் குறுக்கு வழியை அப்படியே நம்பி விடாதீர்கள். கார் பாதையைத் தேர்வு செய்துவிட்டால் சைக்கிள் போகக்கூடாத மேம்பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ கொண்டுபோய் விடும். நடைபாதையைத் தேர்வு செய்தால் படிக்கட்டு வரும். 18 கிலோ வாடகை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறுவது சாதாரணமில்லை. சைக்கிள் பாதை என்று தேர்வு செய்து, ஒருவழிச் சாலைகளையும் பாலங்களின் ஏறுமுகத்தையும் தெருப் படங்களில் ஒருமுறை பாருங்கள். பெரிய சாலைக்கு இணையாக ஒன்றிரண்டு தெரு தள்ளிப் போகும் வழி இருந்தால், மூன்று கிலோமீட்டர் கூடினாலும் அதையே எடுங்கள். வரைபடத்தை இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். திரை எந்நேரமும் எரிந்தால் மதியத்துக்குள் போன் அணைந்துவிடும், பவர் பேங்க் கட்டாயம்.

டிராம் ஓடும் நகரமானால் தண்டவாளத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தண்டவாளத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வந்து லேசாகச் சாய்ந்து கடக்கப் பார்த்தால், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆளைத் தள்ளிவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். மழை ஈரத்தில் இரும்பு வழுக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது. நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. சிக்னலில் லாரி, பஸ் பக்கவாட்டில் முன்னேறிப் போய் நிற்பது மிக ஆபத்தான பழக்கம். அவை திரும்பும்போது ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் தெரியாது, பின்னாலேயே நில்லுங்கள்.

சைக்கிளைச் சோதிக்காமல் எடுப்பது

வாடகைக்கு எடுத்தவுடன் மிதிக்கத் தொடங்காமல் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே அழுத்தி, சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டால் வேறு சைக்கிள் கேளுங்கள். சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றினால் கோணல் தெரிந்துவிடும். சீட் உயரத்துக்கு எளிய அளவு உண்டு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். தாழ்வான சீட்டில் நாள் முழுக்க ஓட்டினால் மாலையில் முழங்கால் வலிக்கும்.

டயரை விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. எத்தனை பி.எஸ்.ஐ என்ற வரம்பு டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும், அளவுமானி உள்ள பம்பில் அந்த வரம்புக்குள் நிரப்புங்கள். காற்று குறைந்த டயர் குழியில் இறங்கினால், விளிம்புக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளை பக்கத்தில் பக்கத்தில் விழும். ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சிறு பம்பு எடுத்துப் போங்கள். டியூபின் வால்வும் பம்பின் வாயும் பொருந்துகின்றனவா என்று வீட்டிலேயே பாருங்கள். பஞ்சரானால் புது டியூபைப் போடும் முன் டயரின் உட்பக்கத்தைத் தடவி, குத்திய கண்ணாடித் துண்டை எடுத்துவிடுங்கள். விரல் கிழியாமல் இருக்க நடுவில் ஒரு துணி இருக்கட்டும். அந்தத் துண்டு அப்படியே இருந்தால் சில நிமிடங்களில் புது டியூபும் போய்விடும்.

மெல்லிய கம்பிவடப் பூட்டைச் சிறிய கட்டிங் பிளேயராலேயே அறுத்துவிடலாம். யு வடிவப் பூட்டை, சட்டமும் பின்சக்கரமும் சேர்ந்து மாட்டும்படி, தரையில் பதித்த கம்பத்தோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால், கழற்றி வைத்த சக்கரம் மட்டுமே உங்களுக்காகக் காத்திருக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம், வெயிலில் இன்னும் கூடுதல். பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள். தொங்கும் வார், துப்பட்டா எதுவும் சக்கரத்துக்குள் போகாதபடி செருகிவிடுங்கள்.

கூட்டமாகப் போனால் மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். வழி தெரிந்த ஒருவர் முன்னால், அனுபவமுள்ள ஒருவர் கடைசியில். ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும்.

பாதியிலேயே முடித்துக்கொள்ளவும் ஒரு வழி வேண்டும். பாதையை ஒட்டிய இரண்டு மூன்று ரயில் நிலையங்களைக் குறித்துக்கொண்டு, சைக்கிளை எந்த நேரத்தில் ஏற்ற விடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். நெரிசல் நேரத்தில் பல நகரங்களில் ஏற்ற விடமாட்டார்கள். மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று விளக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பையைக் கேரியரில் கட்டிய பிறகு ஒருமுறை பின்னால் போய் நின்று, சிவப்பு விளக்கை அது மறைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.