முள்ளும் டயலும் வாங்கும் முன் மெஷின் நம்பரைப் பாருங்கள்

கைக்கடிகாரத்தின் டயலையும் முட்களையும் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அழகான டயல் ஒன்று கண்ணில் படும், உடனே வாங்கிவிடுவார்கள். அதற்கேற்ற முட்களும் வந்து சேரும். உள்ளே ஓடுகிற மெஷின் எது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பதில் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீகோ வாட்ச் என்றால் பின்மூடியில் உள்ள எண்ணின் முதல் நான்கு எழுத்துகளே மெஷினின் பெயர். உதாரணத்துக்கு, எஸ்கேஎக்ஸ்007 என்ற சீகோ மாடலில் 7எஸ்26-0020 என்று இருக்கும். அதில் ஓடுவது 7எஸ்26. இன்று டயல் மாற்றுகிறவர்கள் அதிகம் வாங்குவது சீகோ குழுமம் மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிற என்ஹெச்35, என்ஹெச்36 மெஷின்கள்தான். இவை 7எஸ்26-இன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் முட்களின் துளை அளவும் ஒன்றே: சின்ன முள்ளுக்கு 1.50 மி.மீ., பெரிய முள்ளுக்கு 0.90, விநாடி முள்ளுக்கு 0.20.

இப்போது சுவிஸ் மெஷினான இடிஏ 2824-2-ஐப் பாருங்கள். சின்ன முள் 1.50, பெரிய முள் 0.90, விநாடி முள் 0.25. முதல் இரண்டும் அச்சு அசலாக அதே அளவு. ஆளை ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான். நானும் ஏமாந்தேன். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்ற ஒரு செட்டை வாங்கி என்ஹெச்35-ல் போட்டேன். மணி முள் சிக்கென்று உட்கார்ந்தது, நிமிட முள்ளும் அப்படியே. விநாடி முள்ளும் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. கேஸை (வாட்சின் வெளிக்கூட்டை) மூடி, கையில் கட்டி, மாலையில் பார்த்தால் அது கழன்று டயலின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. 0.05 மி.மீ. வித்தியாசம், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆனால் அந்த முள் பிடித்து நிற்பதே அந்த இறுக்கத்தில்தான்.

தளர்வாக இருந்தால் முள்தான் விழும். எதிர்த்திசையில் செய்யும் தவறு அதைவிட மோசம். 0.20 துளையுள்ள சீகோ முள்ளை இடிஏ-இன் 0.25 ஊசியில் அழுத்தினால் போகாது. போகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். அந்த ஊசி மெஷினுக்குள் ஓடும் ஒரு பற்சக்கரத்தின் அச்சு. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ மெஷினை முழுக்கப் பிரிக்க வேண்டும். விநாடி முள் லேசான அழுத்தத்தில் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட்டு லென்ஸ் வைத்துத் துளையைப் பாருங்கள். பலம் தேவைப்படுகிற வேலையே இல்லை இது.

அப்புறம் டயல் கால்கள். டயலின் பின்புறம் இரண்டு மெல்லிய குச்சிகள் இருக்கும். மெஷினில் அதற்கான துளைகளில் அவை இறங்கினால்தான் டயல் நகராமல் நிற்கும். இடிஏ டயலின் கால்கள் சீகோ மெஷினில் இறங்காது. சீகோவுக்குள்ளேயே ஒரு சிக்கலும் உண்டு. எஸ்கேஎக்ஸ்007 போன்ற கேஸ்களில் கிரவுன், அதாவது நேரம் திருத்தும் பக்கத் திருகு, 3 மணிக்கு நேராக இருக்காது, ஏறக்குறைய 4-ஐ ஒட்டி, சரியாகச் சொன்னால் 3.8-ல் இருக்கும். அதாவது கேஸுக்குள் மெஷின் சுமார் 24 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. டயல் மட்டும் நேராக நிற்க வேண்டும், அதனால் கால்களின் இடமும் மாறுகிறது. இதற்காகவே பல டயல்கள் நான்கு கால்களுடன் வருகின்றன. உங்கள் கேஸுக்கு வேண்டிய இரண்டை விட்டுவிட்டு மற்ற இரண்டை வெட்ட வேண்டும்.

இங்கேதான் கை தவறும். டயலைக் கவிழ்த்துப் பிடித்ததும் 3 மணி இடப்பக்கம் போய்விடும். நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தவறான ஜோடியை வெட்டிவிடுகிறோம். வெட்டும் முன் மெஷினின் மேல் டயலை வைத்துப் பாருங்கள். தேவையான கால்களுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். வெட்டிய இடத்தில் முனை நீண்டுகொண்டிருந்தால் டயல் தட்டையாக உட்காராது, அதையும் அரத்தால் தேய்த்துவிடுங்கள். கிழமை, தேதி இரண்டும் காட்டும் என்ஹெச்36 வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது 3 மணி கிரவுனுக்கும் 3.8 கிரவுனுக்கும் தனித்தனியாக விற்கப்படுகிறது.

தவறான கால்களை வெட்டிவிட்டோமே என்று இருபக்க ஒட்டுப்பொட்டு வைத்து டயலை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு வழி இல்லாதபோது செய்யலாம். ஆனால் டயலுக்கு அடியிலேயே தேதி வளையம் சுற்றுகிறது. பொட்டு அதில் கொஞ்சம் பட்டாலும் தேதி மாற வேண்டிய நள்ளிரவில் வளையம் இழுபடும், சில சமயம் வாட்சே நின்றுவிடும். காலையில் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்போம்.

தேதி ஜன்னல் இல்லாத டயலை என்ஹெச்35-ல் போட்டால் ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கிரவுனை இழுக்கும்போது தேதி திருத்துவதற்கான, இப்போது பயனில்லாத ஒரு கிளிக் இருந்துகொண்டே இருக்கும். அந்த டயலுக்குத் தேதியே இல்லாத என்ஹெச்38 மெஷின்தான் சரி.

உயரத்தையும் மறக்கக் கூடாது. முத்துச்சிப்பி, எனாமல் போன்ற தடித்த டயலில் முட்கள் உட்காரும் குழாய் வெளியே போதுமான அளவு நீட்டிக்கொண்டிருக்காது. இடிஏ இதற்காகவே ஒரே மெஷினை வெவ்வேறு முள் உயரங்களில் தருகிறது. டயலின் மணிக்குறிகள் மேடாக இருந்தால் சின்ன முள்ளின் நுனி அவற்றில் உரசும். நான்கு முட்கள் உள்ள என்ஹெச்34-ல் அடுக்கே வேறு, அதற்கென்று விற்கும் செட்டைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

தாத்தாவின் எச்எம்டி ஜனதாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்எம்டி 1961-இல் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. சாவி கொடுத்து ஓட்டும் ஜனதா மெஷினுக்கும் மேலே சொன்ன சீகோ அளவுகளுக்கும் சம்பந்தமில்லை. பழைய டயல் மங்கியிருந்தாலும் அதைக் கழற்றாமல் விடுவதே என் விருப்பம்.

முட்களை மாட்டும் வரிசைக்கு வருவோம். கிரவுனை முழுவதும் இழுத்து, தேதி மாறும் அந்தக் கணம் வரை மெதுவாகத் திருப்புங்கள். மாறியதும் நிறுத்தி, மணி முள், நிமிட முள் இரண்டையும் 12-க்கு நேராக மாட்டுங்கள். இல்லாவிட்டால் மாலை ஏழு மணிக்குத் தேதி மாறும். விநாடி முள்ளையும் மாட்டியபின், கேஸை மூடாமல் கிரவுனைத் திருப்பி மணி முள்ளை முழுசாக இரண்டு சுற்று, அதாவது 24 மணி நேரம், ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போதும் வாட்சைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூன்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகு கண்ணாடியைப் போடுங்கள்.