தொழிலுக்காகப் போட்டோ எடுக்கும்போது உடையில் செய்யக் கூடாத தவறுகள்

மாம்பழ மண்டி, கிரானைட் யார்டு, டியூஷன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், தையல் பொட்டிக் என்று தொழில் எதுவானாலும் இப்போது நல்ல படம் ஒன்று தேவைப்படுகிறது. வாட்ஸ்அப் பிசினஸில், லிங்க்டின்னில், விசிட்டிங் கார்டில், கடை வாசல் ஃபிளெக்ஸில் ஒரே முகம்தான் திரும்பத் திரும்ப வரும். இதற்காக பீரோவைத் திறந்ததும் பெரும்பாலானோர் கை போவது கல்யாணத்துக்கு எடுத்த உடைமேல். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

விசேஷ உடை பத்தடி தள்ளி நிற்பவர்கள் முழு உருவமாகப் பார்ப்பதற்கென்று தைத்தது. தொழில் படம் கடைசியில் கட்டைவிரல் நகமளவு வட்டமாகத்தான் நிற்கும். லிங்க்டின்னும் வாட்ஸ்அப்பும் முகப்புப் படத்தை வட்டமாக வெட்டிக் காட்டுகின்றன. அந்த வட்டத்துக்குள் முகம், கழுத்து, காலர், கொஞ்சம் தோள், அவ்வளவுதான் இருக்கும். செலவும் கவனமும் போக வேண்டிய இடம் அதுதான். மூவாயிரம் ரூபாய் ஷூ போட்டுக்கொண்டு, துவண்டு விழுந்த காலரோடு நிற்பவர்கள் நிறைய.

காலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரலை நுழையுங்கள். நுழையவில்லை என்றால் இறுக்கம். படத்தில் கழுத்துச் சதை பிதுங்கித் தெரியும். மூன்று விரல் போனால் தொளதொள. தோள் தையல் தோள்பட்டை எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் இறங்கியிருந்தால் சட்டை அண்ணனுடையதுபோல் இருக்கும். பக்கத்தையலைப் பிடித்து இடுப்பைக் குறைப்பது டைலருக்குச் சின்ன வேலை. தோளைக் குறைப்பது அப்படியல்ல, கையைப் பிரித்துத் தைக்க வேண்டும். அதனால் கடையில் சட்டை எடுக்கும்போதே தோளைப் பார்த்து எடுங்கள். படம் எடுக்கும் அன்று சட்டையின் உடல்பகுதி தொளதொளப்பாகத் தெரிந்தால், முதுகுப்பக்கம் துணியைப் பிடித்து இரண்டு துணி கிளிப் மாட்டினால் போதும். முன்னாலிருந்து யாருக்கும் தெரியாது.

தருமபுரிப் பக்கம் அதிகம் நடக்கும் இன்னொரு தவறு ஸ்டுடியோ கோட்டு. பாஸ்போர்ட் படத்துக்கென்று பல ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். வருகிற எல்லோருக்கும் அதே ஒன்றுதான். போட்டுக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். பின்கழுத்தில் கோட்டுக் காலர் சட்டையை விட்டு எழும்பி நிற்கும், கை விரல் கணு வரை இறங்கும், தோளின் பஞ்சு பள்ளம் விழுந்திருக்கும். பொருந்தும் கோட்டில் பின்கழுத்திலும் மணிக்கட்டிலும் சட்டை அரை அங்குலம் வெளியே தெரியும். அப்படிப்பட்ட கோட்டு சொந்தமாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். மண்டியில் உங்களை வேட்டி சட்டையில் பார்க்கும் வியாபாரிக்கும், தோப்பில் பார்க்கும் வாடிக்கையாளருக்கும், படத்தில் இருப்பவரும் நேரில் இருப்பவரும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். நன்றாகத் தேய்த்த அரைக்கைச் சட்டை இரவல் கோட்டைவிட எவ்வளவோ மேல்.

வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆண்களின் முதல் தேர்வு அதுதான். கேமராவின் தானியங்கி வெளிச்ச அளவீடு, தான் பார்க்கும் காட்சி மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவருமாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மாநிறமான முகம் அதோடு சேர்ந்து இருண்டுபோகும். சரி என்று முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டையின் மடிப்பு, பட்டன், பாக்கெட் எல்லாம் வெளுத்துக் காணாமல் போகும். வெளுத்துப்போன இடத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சந்தன நிறமோ வெளிர்நீலமோ போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. வெள்ளைதான் உங்கள் அடையாளம் என்றால் பளபளக்கும் டெர்ரி காட்டனை விட்டுவிட்டு, இழை தெரியும் கதர் மாதிரித் துணி எடுத்து, பின்னணியை அழுத்தமான நிறமாக வையுங்கள். சொட்டு நீலம் அதிகம் போட்டுத் துவைத்ததை உடுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத திட்டுகூட படத்தில் தெரியும். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகளும் சில ஃபிளாஷ்களின் புற ஊதாக் கதிர் பட்டு நீலமாக ஒளிரும்.

கறுப்பில் சிக்கல் வேறு மாதிரி. கறுப்புத் திரைக்கு முன் கறுப்புச் சட்டையும் கறுத்த முடியுமாக நின்றால் முகம் மட்டும் தனியாக மிதக்கும். நூல் பிசிறு, உதிர்ந்த முடி எல்லாம் துல்லியமாகத் தெரியும். செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி விரலில் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுங்கள்.

பொடிக் கட்டமும் நெருங்கிய கோடும் வேண்டாம். கேமரா சென்சாரில் புள்ளிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. துணியின் கோடுகள் அந்த வரிசையோடு மோதும்போது, சட்டையில் இல்லாத வளைவு அலைகள் வானவில் நிறத்தில் படத்தில் வரும். கோட்டுக்குக் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால் சந்தேகப்படுங்கள். ஆறடி தள்ளி வைத்து ஃபோனில் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தால் அலை தெரிந்துவிடும்.

பளிச்சென்ற நிறங்களின் கெடுதல் மோவாயில் தெரியும். கிளிப்பச்சைச் சுடிதாரில் வெயில் பட்டால், மோவாயின் அடிப்பக்கமும் கழுத்தும் பச்சையாகும். எடிட்டிங்கில் அந்தப் பச்சையை எடுக்கப்போனால் தோலின் நிறமும் கூடவே போய்விடும். அரக்கு, மயில்நீலம், நேவி புளூ, கடுகு மஞ்சள் ஆகியவை நம் தோல் நிறத்துக்கு நன்றாக எடுபடும். உங்கள் தோலோடு ஒட்டிப்போகும் பழுப்பு நிறத்தைத் தவிருங்கள். முகம் மங்கிவிடும்.

தருமபுரி பட்டுக்கூடு ஏலம் நடக்கும் ஊர். இங்கே பட்டு கட்டாதீர்கள் என்று சொல்ல வாய் வராது, சொல்லவும் தேவையில்லை. பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போல இருக்கும். அதன் பளபளப்பு அதனால்தான். நேரடி ஃபிளாஷ் பட்டால் மடிப்பின் முனைகள் வெள்ளைக் கோடுகளாகிவிடும், ஜரிகை இன்னும் மோசம். அகலமான ஜரிகைக் கரை மார்பின் குறுக்கே போனால் பார்ப்பவர் கண் முகத்துக்கு வராது. சிறுகரை சேலை எடுத்து, முந்தானையை மடிப்பு வைத்து, ஊக்கை உள்பக்கமாகக் குத்துங்கள். சாஃப்ட்பாக்ஸோ (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஜன்னல் வெளிச்சமோ வைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பருத்திச் சேலைக்குக் கஞ்சி அளவாகப் போதும். விறைத்த முந்தானை தோளை விட்டு எழும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டும்.

வெளியே எடுப்பதாக இருந்தால் இடத்தைப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். மாந்தோப்பில் மேலிருந்து வருவதே பச்சை வெளிச்சம். அங்கே பச்சைச் சட்டை வேண்டாம், இலை நிழல் புள்ளிபுள்ளியாக விழும் இடத்திலும் நிற்க வேண்டாம். கிரானைட் கற்களுக்கு முன் சாம்பல் நிறம் போட்டால் ஆளும் கல்லும் ஒன்றாகிவிடும். ஏப்ரல், மே வெயிலில் வெளிர்நீலப் பருத்தியிலும் சாம்பலிலும் அக்குள் வியர்வை கறையாகத் தெரியும். நேவி புளூவில் தெரியாது. காலை எட்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

புதுச் சட்டையை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். ஊசி குத்தி மடித்த கோடு நெஞ்சில் கட்டம் கட்டி நிற்கும். ஒருமுறை துவைத்து, இஸ்திரிக் கடையில் மடிக்காமல் ஹேங்கரிலேயே வாங்குங்கள். அதை மாட்டிக்கொண்டு பயணம் செய்யவும் கூடாது. கார் சீட் பெல்ட் குறுக்கே ஒரு சுருக்கத்தை விட்டுவிட்டுப் போகும். லினன் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே கசங்கும். ஸ்டுடியோவுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியனைவிடத் தோல் நிறப் பனியன் மறைவாக இருக்கும்.

சட்டைப் பாக்கெட்டில் ஃபோன், பேனா கூடாது. திருநீறோ சாமிக் கயிறோ உங்களோடு எப்போதும் இருப்பது என்றால் இருக்கட்டும். சாயம் போய் நைந்த கயிற்றை மட்டும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போடுபவர்கள் வெளிப்புறப் படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி எடுத்துப்போகவும்.

முந்தின நாள் மாலை மூன்று உடைகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒருமுறை நின்றும் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தும் வீட்டில் ஒருவரை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உட்காரும்போதுதான் பட்டன் நடுவே சட்டை வாய் பிளப்பது தெரியும். அந்தப் படங்களை நகமளவு சுருக்கிப் பார்த்து, முகத்துக்கு முந்தித் துணி கண்ணில் படும் உடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பையில் நாலு ஊக்கு, இரண்டு துணி கிளிப், செல்லோ டேப், ஊசி நூல், ஒரு கைக்குட்டை.