சுவரோடு பேசிய மூன்று மாதம்

மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, வாடிக்கையாளர்களை பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்த்தேன். ஒரே மெசேஜ் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி அது. "பொன்னி அரிசி வந்தாச்சு" என்று அனுப்பினால் பாதிப் பேரிடம் சத்தமே இல்லை.

ஒருநாள் எதிர்த்தெரு அக்கா, "என்ன தம்பி, அரிசி வந்தா சொல்றேன்னீங்க, சொல்லவே இல்லையே?" என்று போனை நீட்டினார். துழாவிப் பார்த்தேன், என் மெசேஜே இல்லை. நம் எண்ணை வாடிக்கையாளர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போகுமாம். மூன்று மாதமாக யாருக்கு அனுப்பினேனோ!

கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் ஒட்டினேன். ஸ்கேன் செய்தால் என் சாட் திறக்கும். அங்கேயே நம்பரைச் சேமிக்கச் சொல்வேன். வயதானவர்களுக்கு நானே சேமித்துக் கொடுப்பேன். மாசச் சாமான்காரர்களின் சாட்டுக்கு ஆப்பிலேயே தனி லேபிள், அதாவது அடையாளக் குறி. இப்போது 1ஆம் தேதிக்கு முன்பே லிஸ்ட் வந்துவிடுகிறது. அந்த அக்கா மட்டும் வாய்ஸ் மெசேஜ்தான். நடுநடுவே பேரனைத் திட்டுவதும் சேர்ந்தே வரும்.