ஊர் வளர்ந்தால் பின்கோடும் மாற வேண்டுமா? எல்லைச் சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சியின் எல்லை விரிவடைந்த சில மாதங்களிலேயே ஒரு கோரிக்கை எழத் தொடங்கும். "வரியை நகரத்துக்குக் கட்டுகிறோம், வாக்கையும் அங்கேதான் போடுகிறோம், முகவரியில் மட்டும் இன்னும் பக்கத்து ஊரின் பெயரும் எண்ணும் ஏன்?" இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் தன் ஊர் எது என்று எழுதும்போது அது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் என்ன பிழை? ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வரைபடத்தை விரித்து, நகராட்சிக் கோட்டின் மேல் அஞ்சல் கோட்டை வைத்து வரையத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் முளைக்கின்றன.

அஞ்சல் குறியீட்டை ஒரு நிலப்பரப்பாக நினைப்பதே முதல் தவறு. அது உண்மையில் கடிதம் போகும் வழி. அமெரிக்காவில் ஜிப் குறியீடு 1963 ஜூலை 1 அன்றும், இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றும் நடைமுறைக்கு வந்தன. இரண்டின் நோக்கமும் ஒன்றே: மலைபோல் குவியும் தபால்களை விரைவாகப் பிரித்து உரிய அஞ்சலகத்துக்கு அனுப்புவது. ஆறு இலக்கப் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதையும், கடைசி மூன்று எந்த அஞ்சலகம் அதைப் பட்டுவாடா செய்யும் என்பதையும் சொல்கின்றன. அதாவது, தபால்காரர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கட்டடத்திலிருந்து புறப்படுகிறார் என்பதே அந்த எண்ணின் பொருள். எந்த வார்டு உறுப்பினருக்கு நீங்கள் வாக்களிக்கிறீர்கள் என்பது அதில் எங்குமே இல்லை. அமெரிக்காவிலோ சில ஜிப் எண்கள் ஒரே ஒரு கட்டடத்துக்கு உரியவை. சில, அஞ்சல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றுக்குப் பரப்பளவு என்று எதைச் சொல்வது? 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை ஜிப் எண்களுக்கு ஏறத்தாழப் பொருந்தும் பரப்புகளைத் தானே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு எல்லைகளும் பொருந்தாமல் இருந்தால் நகரமே நிலைகுலைந்துவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. லண்டனைப் பாருங்கள். 1965இல் பெருநகர லண்டன் உருவானபோது நிர்வாக எல்லை பெரிதாக விரிந்தது. அஞ்சல் துறையோ செலவைக் காரணம் காட்டி லண்டன் அஞ்சல் மாவட்டத்தை அதற்கேற்ப விரிக்கவில்லை. இன்றும் குரோய்டனும் புரோம்லியும் நிர்வாகத்தில் லண்டன். அவற்றின் குறியீடுகளோ சிஆர், பிஆர் என்று தனியாக நிற்கின்றன. எசெக்ஸ் மாவட்டத்தில், பெருநகர எல்லைக்கு வெளியே உள்ள சீவர்ட்ஸ்டோன் என்ற சிற்றூருக்கு லண்டனின் இ4 குறியீடு. அறுபது ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. கடிதங்கள் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே கோடுகள் பொருந்தாமல் இருப்பதை விட, பொருந்துவதாக நினைத்துக்கொண்டு முடிவெடுப்பதே ஆபத்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம் இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. 2014 ஏப்ரலில் அந்நகரம் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கரைந்து குழந்தைகளின் உடலில் ஏறியது. மாநில அதிகாரிகள் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஜிப் எண் வாரியாகப் பார்த்தார்கள். கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஏன்? ஃபிளின்ட் என்று முகவரி எழுதும் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அந்த வீடுகளுக்கு நகரத்தின் குடிநீரே வரவில்லை. கெட்ட நீர் குடித்த குழந்தைகளின் கணக்கோடு நல்ல நீர் குடித்த குழந்தைகளின் கணக்கும் சேர்ந்து, உண்மை நீர்த்துப்போனது. ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் அதனதன் இடத்தில் வைத்து, நகர எல்லைக்குள் இருந்த குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்த பிறகே, ஈய அளவு கூடுதலாக இருந்த குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக உயர்ந்திருந்தது வெளிப்பட்டது. நலவாழ்வு, வரி, நீர், காப்பீடு என எதற்கும் அஞ்சல் எண்ணை நகரத்தின் மாற்றாகக் கொள்ளக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

அடுத்தது, நோய் எது என்று பார்க்காமலே மருந்து கேட்பது. "பின்கோட்டை மாற்றுங்கள்" என்ற ஒரே கோரிக்கைக்குள் மூன்று நான்கு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கும். ஊரின் பெயர்தான் குறை என்றால் எண்ணைத் தொடவே வேண்டியதில்லை. ஒரே எண்ணின் கீழ் இரண்டு ஊர்ப் பெயர்களை ஏற்கும்படி பதிவேட்டில் சேர்த்தால் போதும். அமெரிக்க அஞ்சல் துறை பல இடங்களில் இப்படித்தான் செய்கிறது. தபால்காரரின் நடையில் ஓரடிகூட மாறாது, மக்கள் தங்கள் ஊரின் பெயரை எழுதிக்கொள்வார்கள். விற்பனை வரி பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறது என்பது குறையானால், வரியைக் கணக்கிடும் மென்பொருள் பின்கோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முழு முகவரியையோ வரைபடப் புள்ளியையோ பார்க்க வேண்டும். எல்லையைத் திருத்தினாலும் அடுத்த விரிவாக்கத்தில் அதே பிழை திரும்ப வரும்.

ஆம்புலன்ஸ் வழி தவறுகிறது என்ற புகார்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. ஆனால் அதன் வேர் பெரும்பாலும் தெருப் பெயரில் இருக்கிறது. நான்கு கிராமங்களை நகரம் தன்னோடு இணைக்கும்போது நான்கு 'பள்ளிக்கூடத் தெரு'க்களும் சேர்ந்தே வருகின்றன. இதுவரை அவற்றைப் பிரித்துக் காட்டியது பழைய ஊர்ப் பெயரும் பழைய பின்கோடுமே. எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்தால் அந்த அடையாளமும் அழிந்துவிடும். தெருப் பெயர்களையும் கதவு எண்களையும் சரிசெய்யாமல் குறியீட்டை ஒன்றாக்குவது, இருந்த குழப்பத்தைப் பெரிதாக்கும். இந்த வரிசை மாறவே கூடாது: முதலில் தெரு, பிறகு கதவு எண், கடைசியில்தான் அஞ்சல் குறியீடு.

உண்மையிலேயே கோட்டை நகர்த்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அதை வரைவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இதைக் கவனிப்பவர்கள் குறைவு. நகராட்சி எல்லைகள் பெரும்பாலும் சாலையின் நடுக்கோட்டிலோ ஓடையிலோ போகும். நிர்வாகத்துக்கு அது வசதி. தபால்காரரின் பீட், அதாவது அவர் கடிதம் கொடுத்தபடி சுற்றிவரும் வழி, அப்படி இல்லை. அவர் தெருவின் இருபுறத்துக்கும் சேர்த்தே கடிதம் கொடுப்பார். சாலையின் நடுவே அஞ்சல் எல்லையை வரைந்தால், எதிரெதிர் வீடுகளுக்கு இரண்டு எண்கள், ஒரே தெருவுக்கு இரண்டு தபால்காரர்கள், இரண்டு அஞ்சலகங்களிலிருந்து. அஞ்சல் எல்லை வீடுகளின் பின்பக்கம், கொல்லைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஓடுவதே நல்லது. ஓடை வந்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பாலம் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் நூறு அடி தூரத்தில் தெரியும் வீட்டுக்குப் பாலம் சுற்றிப் போக வேண்டியிருந்தால், அது அந்த அஞ்சலகத்துக்கு உரிய வீடே அல்ல.

இதனால்தான் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகு அஞ்சல் துறைக்குத் தகவல் அனுப்புவது பிழையாகிறது. கோட்டை எங்கே போட்டால் பட்டுவாடா நடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிரிப்பவரையும் பட்டுவாடா செய்பவரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வைக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் விடுவதும் அதே அளவு தவறு. அமெரிக்காவில் குறியீட்டு எல்லையை மாற்றக் கோரும் நகராட்சிகளுக்கு முறையான மறுஆய்வு வழி இருக்கிறது. மாற்றத்தால் பாதிக்கப்படும் முகவரிக்காரர்களின் கருத்தும் அதில் கேட்கப்படுகிறது. அது சரியான ஏற்பாடு. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, காப்பீடு, கடையின் பெயர்ப்பலகை என எல்லாவற்றையும் மாற்றும் சுமை நகர்மன்றத்துக்கு வருவதில்லை, அந்தக் குடும்பங்களுக்குத்தான் வருகிறது.

நகரம் விரியும் ஒவ்வொரு முறையும் குறியீட்டை அதன் பின்னால் ஓட வைப்பதும் வேண்டாம். பெரிய மாற்றம் தேவையென்றால் ஜெர்மனி செய்ததுபோல ஒரே மூச்சில் செய்யலாம். 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது இருபுறமும் நான்கு இலக்க எண்கள் இருந்தன; 5300 என்பது மேற்கில் பான் நகரம், கிழக்கில் வைமார் நகரம். சில காலம் எண்ணுக்கு முன்னால் மேற்கு, கிழக்கு என்பதைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். பிறகு 1993 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் ஐந்து இலக்கத்துக்கு மாறியது. புதிய எண்கள் அடங்கிய தடித்த புத்தகம் வீடு வீடாகப் போனது. சிங்கப்பூரும் அயர்லாந்தும் வேறு வழியில் போயின. 1995இல் சிங்கப்பூர் ஆறு இலக்கக் குறியீட்டுக்கு மாறி, ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் கொடுத்தது. அயர்லாந்து 2015இல் ஒவ்வொரு முகவரிக்கும் தனிக் குறியீடு வழங்கியது. குறியீடு வீட்டையே சுட்டும்போது, அந்த வீடு எந்த நகராட்சியில் இருக்கிறது என்பதைத் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். நாளை நகராட்சி எல்லை மாறினால் பட்டியலைத் திருத்தினால் போதும், வீட்டின் எண் அப்படியே இருக்கும்.

கடைசியாக, மாற்றம் நடக்கும் நாள். பழைய எண்ணை அன்றைக்கே செல்லாததாக்கிவிட வேண்டாம். எழுதுகிறவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரக் காலம் பிடிக்கும். குறைந்தது ஓர் ஆண்டாவது இரண்டு எண்களிலும் வரும் கடிதங்கள் பட்டுவாடா ஆக வேண்டும். எந்த முகவரி, எந்தத் தேதியில், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறியது என்ற ஒப்பீட்டுப் பட்டியலையும் தேதியோடு வெளியிட்டு, யார் கேட்டாலும் கிடைக்கும்படி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து அதே பகுதியின் நோய்க் கணக்கையோ மக்கள்தொகையையோ ஒப்பிட உட்காரும் ஒருவர், எண்ணின் எல்லை மாறியதை அறியாமல் மனிதர்களே இடம்பெயர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதிவிடுவார்.