மாதிரி ரயில்: முன்பதிவு செய்யலாமா, வந்த பின் வாங்கலாமா?

புதிய மாதிரி ரயில்கள் இன்று தொழிற்சாலையில் உருவாவதற்கு வெகு முன்பே அறிவிக்கப்படுகின்றன. கணினி வரைபடம் மட்டுமே இருக்கும் நிலையில் படம் வெளியாகிறது, விலை சொல்லப்படுகிறது, முன்பதிவும் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கு இது பெரும்பாலும் வசதி சார்ந்த முடிவு. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ இருந்து வாங்கும் நமக்கோ, ராண்டின் மதிப்பு, சுங்கம், அஞ்சல், திருப்பி அனுப்பும் செலவு ஆகிய நான்கும் குறுக்கே நிற்பதால், அதே முடிவு வேறு வகையான கணக்காகிவிடுகிறது. என்னைக் கேட்டால், முன்பதிவு என்பது ஒரு பொருள் கிடைக்காமல் போய்விடும் என்ற அபாயத்துக்கு எதிரான காப்பு, அவ்வளவுதான். அந்த அபாயம் இல்லாத மாதிரியை முன்பதிவு செய்யத் தேவையில்லை. அபாயம் உள்ள மாதிரிக்கும் பெயரைப் பதிவதையும் பணத்தைக் கொடுப்பதையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

தயாரிப்பாளர்கள் முன்பதிவை இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஒரு புதிய எஞ்சினுக்கான எஃகு வார்ப்பச்சுகளைச் செய்வதற்கே லட்சம் பவுண்டுக்கு மேல் ஆவதுண்டு. உற்பத்தியின் பெரும்பகுதி சீனாவில், குறிப்பாகக் குவாங்டாங் மாகாணத்தில் நடைபெறுகிறது. அங்கே பல நிறுவனங்கள் ஒரே தொழிற்சாலையின் நேரத்துக்காக வரிசையில் நிற்கின்றன. எத்தனை எஞ்சின்கள் செய்வது என்பதை முடிவு செய்ய வந்து சேர்ந்த முன்பதிவுகளே முக்கிய அளவுகோல். கடைக்காரரும் தம் வாடிக்கையாளர்கள் பதிவு செய்த எண்ணிக்கைக்கு மேல் சிலவற்றை மட்டுமே சேர்த்துக் கேட்கிறார். அறிவிப்புக்கும் பெட்டி கைக்கு வருவதற்கும் இடையே இரண்டு, மூன்று ஆண்டுகள் கடப்பது இயல்பு. சீனப் புத்தாண்டு விடுமுறையும் கப்பல் பயணமும் அந்தக் காலத்தை இன்னும் நீட்டும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாதிரி மீண்டும் வருமா என்பதுதான். வார்ப்பச்சு கையில் இருக்கும் நிறுவனம் அதைச் சும்மா வைத்திருக்காது. ஓரிரு ஆண்டுகளில் வேறு வண்டி எண்ணிலும் வேறு வண்ணத்திலும் அதே எஞ்சினை மீண்டும் கொண்டு வரும். ஹார்ன்பியோ பாக்மனோ வெளியிடும், பலரும் அறிந்த பிரிட்டிஷ் எஞ்சின் ஒன்றை நீங்கள் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் விரும்பினால், பொறுத்திருப்பதில் நட்டமில்லை. சில சமயம் தேங்கிய சரக்கு தள்ளுபடியிலும் கிடைக்கும். இதற்கு மாறாக, ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் தன் இன்சைடர் என்ற வாடிக்கையாளர் சங்க உறுப்பினர்களுக்காக வெளியிடும் மாதிரிகள் ஒரே முறை, குறித்த தேதிக்குள் வந்த பதிவுகளைக் கொண்டு செய்யப்படுபவை. அங்கே தேதி கடந்தால் பழைய சரக்குச் சந்தைதான் வழி. கடைகளே இல்லாத விற்பனையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது: 2022 அக்டோபரில் ஹார்ன்பி 1:120 விகிதத்திலான தன் டிடி:120 வரிசையை அறிவித்தபோது, முதலில் கடைகளுக்குக் கொடுக்காமல் வாங்குபவருக்கு நேரடியாகவே விற்றது.

தென்னாப்பிரிக்க ரயில்களின் மாதிரிகள் இந்தக் கணக்கில் தனி வகை. நேட்டாலின் முதல் ரயில் ஓடியதும், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் முன்னோர்களைக் கொண்டு வந்ததும் ஒரே ஆண்டில், 1860இல். அதன் பிறகு நேட்டால் அரசு ரயில்வேயில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. எனவே 15எஃப் நீராவி எஞ்சினையோ, நேட்டாலின் கிளைப் பாதைகளில் ஏறி இறங்கிய ஜிஎம்ஏஎம் வகைக் கராட் நீராவி எஞ்சினையோ மேசைமேல் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது இயற்கை. ஆனால் இங்குள்ள பாதையின் அகலம் 1067 மி.மீ. அதை 1:87 விகிதத்தில் குறைத்தால் ஏறத்தாழ 12 மி.மீ. பாதை வேண்டும், பெருவாரியாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையை வைத்துக்கொண்டு சரியான விகிதம் காண வேண்டுமானால் 1:64க்குப் போக வேண்டும். சந்தை சிறியது, அதுவும் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் அரிதாகவே வருகின்றன. இத்தாலியின் லிமா ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்க வண்டிகளை 16.5 மி.மீ. பாதைக்குச் செய்து விற்றது. அந்த நிறுவனம் நொடித்து அதன் சொத்துகள் ஹார்ன்பியிடம் போன பின் அவை பெரும்பாலும் பழைய சரக்காகவே கைமாறுகின்றன. இப்போது வருபவை பெரும்பாலும் சிறு பட்டறைகளின் பித்தளை, பிசின், முப்பரிமாண அச்சு வேலைகள். இவற்றில் செய்யப்படும் எண்ணிக்கையும் பதிவான எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இத்தகைய மாதிரியை நீங்கள் உண்மையிலேயே விரும்பினால் முன்பதிவு செய்வதே சரி.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மிக அவசியமான முன்பதிவு, பணத்தை முன்கூட்டிக் கேட்கும் சிறு பட்டறையிடமே செய்ய வேண்டியதாக அமைகிறது.

கடைகள் பொதுவாக மூன்று வழிகளில் பதிவை ஏற்கின்றன: பணமே வாங்காமல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, பொருள் அனுப்பும் நாளில் அட்டையிலிருந்து எடுப்பது, சிறு முன்பணம் வாங்குவது, முழு விலையையும் முன்பே வாங்குவது. முதல் வழியில் உங்களுக்கு இழப்பே இல்லை என்பதால், ஐயமுள்ள மாதிரிகளைக்கூட அப்படிப் பதிந்து வைக்கலாம். மூன்றாவது வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இங்கிலாந்தின் டிஜே மாடல்ஸ் சில எஞ்சின்களுக்குப் பலரிடமிருந்து முன்கூட்டியே நிதி திரட்டியது. 2019இல் அந்த நிறுவனம் முடங்கியபோது, பணம் கட்டிய பலருக்கு அதனிடமிருந்து எஞ்சின் வந்து சேரவில்லை. நிறுவனம் பழையது என்பதும் உறுதி ஆகாது: 1946இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஹாட்டன்ஸ் மாதிரி ரயில் கடை 2024 ஜனவரியில் தன் மூடலை அறிவித்தது.

உள்ளூர்க் கடையில் முன்பணம் கொடுப்பவருக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நமக்குக் கொடுக்கிறது. கடைக்காரர் நியாயமான முன்பணமும், ரத்து செய்தால் நியாயமான கட்டணமும் கேட்கலாம். உங்கள் தேவைக்கென்றே தனியாகத் தருவிக்கப்படும் அல்லது செய்யப்படும் பொருளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. எனவே கடை தன் வழக்கமான சரக்கோடு கொண்டு வரும் எஞ்சினா, உங்களுக்காக மட்டும் தருவிக்கும் எஞ்சினா என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, உங்கள் முன்பணத்தைக் கடைக்காரர் தம் சொந்தப் பணமாகக் கருதக் கூடாது. இணையத்தில் பதிவு செய்தால் 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டமும் பொருந்தும்: வேறு உடன்பாடு இல்லையெனில் 30 நாட்களுக்குள் பொருள் வர வேண்டும் என்று அது சொல்கிறது. முன்பதிவுப் படிவங்களில் வரும் தேதி உத்தேசமே என்ற வரி அந்த வேறு உடன்பாடாகவே எண்ணப்படலாம் என்பதால், அதைப் படிக்காமல் ஒப்புதல் தர வேண்டாம். வெளிநாட்டுக் கடையிடம் இச்சட்டங்களைக் காட்டி எதையும் பெறுவது நடைமுறையில் கடினம். அங்கே கடன் அட்டை வழியாகப் பணம் கட்டுவதே ஓரளவு பாதுகாப்பு. வங்கியிடம் முறையிடுவதற்குக் காலவரம்பு உள்ளதால், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் முன்பதிவுகளுக்கு அதுவும் முழுத் துணை ஆகாது.

விலைக் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிரிட்டிஷ் கடையில் 240 பவுண்டு என்று குறித்த எஞ்சினில் அந்நாட்டின் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஏற்றுமதிக்கு அதைக் கழிக்கும் கடையானால் விலை 200 பவுண்டு. ஒரு பவுண்டு 23 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 4,600 ராண்ட். இங்கே இறக்குமதிப் பொருளுக்கான மதிப்புக்கூட்டு வரியைக் கணக்கிடும்போது பொருளின் மதிப்போடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதன்மேல் 15 சதவீதம் விதிப்பார்கள். அதாவது 5,060இல் 15 சதவீதம், 759 ராண்ட். கூரியர் கட்டணமும் அவர்கள் எடுக்கும் சுங்கப் பணிக் கூலியும் இதற்கு மேல். இத்தனையும் இந்த மாற்று விலையில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெட்டி கிளம்பும் நாளில் பவுண்டு 26 ராண்டாக இருந்தால் பொருளின் விலை மட்டுமே 5,200 ஆகிவிடும். பல கடைகள் பவுண்டு விலையையும் உறுதியாகச் சொல்வதில்லை. உள்ளூர் வணிகர் ராண்டில் விலையை நிலைநிறுத்தித் தர ஒப்புக்கொண்டால், அவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் பெரும்பாலும் அவரிடம் பதிவதே மேல் என்பேன். பழுது ஏற்பட்டால் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர் அருகில் இருக்கிறார். வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பு, மாற்று, பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி உங்களுடையது.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, பதிவுகள் ஒன்றாகக் குவிவது. வெவ்வேறு ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட மாதிரிகள் தாமதங்களின் காரணமாக ஒரே மாதத்தில் வந்து இறங்கும்; பணம் வாங்காமல் பதிவு செய்துகொண்ட கடைகள் எல்லாம் ஒரே வாரத்தில் அட்டையைத் தட்டும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடையின் பெயர், மாதிரியின் பட்டியல் எண், பதிந்த தேதி, அன்றைய விலை, கொடுத்த முன்பணம், ரத்து விதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். அத்தனையும் ஒரே மாதத்தில் வந்தால் கட்ட முடியுமா என்பதே எல்லை. முடியாதென்றால் புதிய பதிவு வேண்டாம். ஒரே மாதிரியை இரண்டு கடைகளில் பதிந்து, முதலில் வருவதை எடுத்துக்கொள்வோம் என்று இருப்பவர்களும் உண்டு. அது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம் மட்டுமல்ல, தயாரிப்பாளரின் எண்ணிக்கையையும் பொய்யாக்குகிறது.

பதிவு செய்யுமுன் கடைக்கு ஒரு கடிதம் எழுதி, பணம் எப்போது எடுக்கப்படும், விலை மாறினால் முன்பே தெரிவிப்பார்களா, தென்னாப்பிரிக்காவுக்கு எந்த வழியில் அனுப்புவார்கள், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்க அஞ்சல் துறை 2023இல் நிதி மீட்பு நடவடிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டதால், விலைமதிப்புள்ள எஞ்சினைச் சாதாரண அஞ்சலில் அனுப்பச் சொல்வதை நான் தவிர்ப்பேன். எண்ணத்தை மாற்றிக்கொண்டால், வண்ணம் தீட்டிய மாதிரியின் படங்கள் வெளியாகும் கட்டத்திலேயே ரத்தைத் தெரிவித்துவிடுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் விவரங்களில் உள்ள பிழைகளும் கண்ணுக்குத் தெரியும், உங்கள் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கடைக்காரருக்கும் காலம் இருக்கும்.